வாரம் 5,000 பவுண்டு: சம்பளத்துக்காகக் கிளம்பும் ஆட்டக்காரர்மீது ரசிகர்களுக்கு ஏன் அத்தனை ஆத்திரம்?

2006 ஆகஸ்ட் 31. கால்பந்து ஆட்டக்காரர்களை வாங்கவும் விற்கவும் இங்கிலாந்தில் அந்தக் கோடையின் கடைசி நாள். லண்டன் கிளப்பான ஆர்சனலின் இடதுபுறத் தடுப்பாட்டக்காரர் ஆஷ்லி கோல் அன்று அதே நகரின் போட்டிக் கிளப்பான செல்சிக்குப் போனார். ஆர்சனலுக்கு 50 லட்சம் பவுண்டு கிடைத்தது. கூடவே செல்சியிலிருந்து வில்லியம் கல்லாஸ் வந்தார். வியாபாரமாகப் பார்த்தால் மோசமில்லை. ஆனால் அடுத்த சில வாரங்களில் ஆஷ்லியின் தன்வரலாறு வெளிவந்தது. வாரம் 60,000 பவுண்டு எதிர்பார்த்திருந்த தன்னிடம், கிளப் 55,000தான் தருவதாக ஏஜென்ட் ஜோனதன் பார்னெட் தொலைபேசியில் சொன்னபோது வந்த கோபத்தில் கார் சாலையைவிட்டே ஓடப்பார்த்தது என்று அதில் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்துக்குப் பிறகு அவர் ஆர்சனல் ரசிகர்களின் வாயில் ‘கேஷ்லி’ (கேஷ் என்றால் பணம்) ஆனார். அவர் முகம் அச்சிட்ட போலி நோட்டுகளைக் கேலரியில் ஆட்டினார்கள். 2014இல் செல்சியைவிட்டுப் போகும்வரை ஆர்சனலுக்கு எதிராக அவர் காலில் பந்து பட்டபோதெல்லாம் கூச்சல்தான்.

அந்த ஐயாயிரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரம் 5,000 என்றால் ஆண்டுக்கு 2,60,000 பவுண்டு. ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கு 13 லட்சம். ஆர்சனல் அதே ஆண்டு குடிபுகுந்த எமிரேட்ஸ் மைதானத்தில் சுமார் 60,000 இருக்கைகள். அந்த வித்தியாசத்தை இருக்கைக்கு இருக்கை பிரித்தால் ஒரு சீசன் முழுவதற்கும் ஆளுக்கு 4 பவுண்டு 33 பென்ஸ். மைதானத்துக்குள் வாங்கும் ஒரு கோப்பை பியரோடு தீர்ந்துபோகும் காசு. அதே 2006 மே மாதம் ஆர்சனலின் நட்சத்திர ஆட்டக்காரர் தியரி ஆன்ரி புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, வாரச் சம்பளம் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியதாகப் பத்திரிகைகள் எழுதின. அதற்கு ரசிகர்கள் கொண்டாட்டம்தான் போட்டார்கள்.

ஆக, கோபம் தொகையின் அளவைப் பொறுத்து ஏறுவதில்லை. சம்பளத் தகராறில் கிளம்பியவர்களின் கதைகளை அடுக்கிப் பார்த்தால் வேறு ஒன்றுதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. கிளம்பியவர் எங்கே போனார், போகும்போது கிளப்பின் கையில் என்ன மிஞ்சியது, நடந்ததை யார் முந்திக்கொண்டு சொன்னார் என்பவைதான் ரசிகர் மனத்தைத் தீர்மானிக்கின்றன. சம்பளம் அதற்குக் கிடைக்கும் வசதியான பெயர்.

ஆஷ்லி விஷயத்தில் கிளப்புக்குப் பணம் கிடைத்தது தவிர மற்றவை அவருக்கு எதிராக விழுந்தன. சிறுவயதிலிருந்தே ஆர்சனலில் பயின்றவர்; 2003–04இல் ஒரு லீக் ஆட்டத்திலும் தோற்காத அணியில் நிரந்தர இடம் பெற்றவர். ஆனால் 2005 ஜனவரியில், ஆர்சனலுக்குத் தெரியாமல், லண்டன் ஓட்டல் ஒன்றில் செல்சி பயிற்சியாளர் ஜோசே மொரின்யோவையும் தலைமை நிர்வாகி பீட்டர் கென்யனையும் சந்தித்தார். விஷயம் வெளியானதும் பிரீமியர் லீக் விசாரித்து, ஆஷ்லிக்கு ஒரு லட்சம் பவுண்டு, செல்சிக்கு 3 லட்சம், மொரின்யோவுக்கு 2 லட்சம் என்று அபராதம் போட்டது. மேல்முறையீட்டில் ஆஷ்லியின் தொகையும் மொரின்யோவின் தொகையும் 75,000 ஆகக் குறைந்தன. இத்தனைக்கும் நடுவே அவர் ஆர்சனலோடு ஓராண்டு நீட்டிப்பில் கையெழுத்திட்டு, அடுத்த கோடையில் அதே செல்சிக்குப் போனார்.

கிளப் ஏன் அந்த ஐயாயிரத்தைக் கொடுக்கவில்லை என்பதற்கும் காரணம் இருந்தது. 39 கோடி பவுண்டு செலவில் புது மைதானம் எழுந்துகொண்டிருந்த காலம் அது. கடன் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய நிர்வாகம் சம்பளத்தைப் படிப்படியாக அடுக்கி வைத்திருந்தது. இடதுபுறத் தடுப்பாளருக்கு 60,000 என்றால் வலதுபுறத்தவரும் நடுக்கள ஆட்டக்காரரும் அடுத்த வாரமே ஏஜென்டை அனுப்புவார்கள். நிர்வாகம் பயந்தது ஒருவருடைய 13 லட்சத்துக்கு அல்ல, பதினைந்து பேருடைய 13 லட்சத்துக்கு. ரஷ்யக் கோடீஸ்வரர் ரோமன் அப்ரமோவிச் 2003இல் வாங்கிய செல்சிக்கு அந்தக் கவலை கிடையாது. ரசிகருக்கு இவ்வளவும் விளங்கும். விளங்கினாலும், உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவனுக்காகச் சம்பளப் படிக்கட்டை எடுத்துவைத்து வாதாடுவது அவர் வேலையல்ல.

கட்டாயமாக இருந்த விசுவாசம்

இங்கிலாந்தில் ஆட்டக்காரரின் சம்பளத்தை இன்னமும் வாரக் கணக்கில்தான் பேசுகிறார்கள். அது ஆலைத் தொழிலாளியின் கூலிக் கணக்கு. 1961 ஜனவரிவரை அங்கே உச்சவரம்பே இருந்தது: வாரம் 20 பவுண்டு. எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் அதற்குமேல் சம்பளம் கிடையாது. ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று நெருக்கியபிறகே அது ஒழிந்தது. ஒழிந்ததும் ஃபுல்ஹாம் கிளப் ஜானி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுத்தது.

அதைவிடப் பெரிய விலங்கு இன்னொன்று. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரரின் பதிவு கிளப்பிடமே இருக்கும். கிளப் விடாவிட்டால் வேறு எங்கும் ஆட முடியாது. நியூகாஸிலைவிட்டுப் போக விரும்பிய ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் 1960இல் ஆட மறுத்து, தெற்கே போய் வேறு வேலை பார்த்தார். கடைசியில் 47,500 பவுண்டுக்கு ஆர்சனல் அவரை வாங்கிக்கொண்டாலும் வழக்கை அவர் விடவில்லை. அந்த முறை தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று 1963இல் நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தம் முடிந்தவருக்கு விலை கேட்கவே கூடாது என்ற நிலை வருவதற்கு இன்னும் 32 ஆண்டுகள் ஆயின: 1995 டிசம்பர் 15, பெல்ஜிய ஆட்டக்காரர் ஜான்-மார்க் போஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்பு.

பழைய ரசிகர்கள் ‘அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் ஒரே சட்டையில் வாழ்ந்தார்கள்’ என்று உருகும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அவர்களில் பலர் விரும்பி இருந்தார்கள். பலருக்குப் போக வழியே இல்லை. இரண்டையும் பிரித்தறிய அன்றைய கேலரிக்கு வாய்ப்பில்லை. அந்தக் காலத்தில் உருவான அளவுகோலைத்தான் இன்றைய ஆட்டக்காரர் தலையிலும் வைக்கிறார்கள்.

ஒப்பந்தக் கடிகாரம்

சம்பளத் தகராறு திடீரென்று வெடிப்பதாகத் தலைப்புச் செய்திகள் காட்டும். உள்ளே நடப்பது பெரும்பாலும் நாள்காட்டி வேலை.

ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் முதல் இரண்டு ஆண்டு கிளப்பின் கை ஓங்கியிருக்கும். மூன்றாம் ஆண்டு முடியும்போது, அதாவது இன்னும் இரண்டு ஆண்டு மிச்சமிருக்கும்போது, நல்ல நிர்வாகம் புதுப்பிக்கும் பேச்சைத் தொடங்கிவிடும். அந்தக் கோடை கைநழுவினால், அடுத்த கோடையில் ஓராண்டுதான் பாக்கி. ஆட்டக்காரரின் விற்பனை விலை சரியத் தொடங்கும். கடைசி ஆறு மாதம் வந்துவிட்டால், உலகக் கால்பந்து அமைப்பின் விதிப்படி அவர் வேறு கிளப்போடு முன் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இங்கிலாந்தில் ஆடுபவர் வெளிநாட்டுக் கிளப்போடு ஜனவரியிலேயே இதை முடித்துக்கொள்ள முடியும். உள்நாட்டுக் கிளப்போடு என்றால் சீசன் முடியும் தறுவாய்வரை காத்திருக்க வேண்டும். இலவசமாகப் போகும் ஆட்டக்காரர் புதிய கிளப்புக்கு விலை மிச்சப்படுத்திக் கொடுக்கிறார். அந்த மிச்சத்தில் ஒரு பங்கு கையெழுத்துப் பணமாக அவருக்கும், தரகாக ஏஜென்டுக்கும் போய்ச் சேரும். ஒப்பந்தத்தை ஓடவிடுவதில் இருவருக்கும் லாபம் இருக்கிறது என்பதை ரசிகர்கள் இப்போது நன்றாகவே தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

கிளப்பின் கணக்குப் புத்தகத்தில் இது இன்னும் வலிக்கும். 5 கோடி பவுண்டுக்கு வாங்கிய ஆட்டக்காரரின் விலையை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு ஒரு கோடியாகச் செலவெழுதுவார்கள். மூன்று ஆண்டு கழித்து 4 கோடிக்கு விற்றால், புத்தகத்தில் மிச்சம் 2 கோடி என்பதால் லாபம் 2 கோடி. கிளப்பின் இளையோர் பயிற்சிப் பள்ளியான அகாடமியில் வளர்ந்தவருக்குப் புத்தக மதிப்பே கிடையாது. 4 கோடிக்கு விற்றால் நான்கும் லாபம். நட்டக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபிறகு இந்த லாபம்தான் அடுத்த ஆட்டக்காரரை வாங்கும் சக்தி. ஊர்ப்பையன் ஒருவன் இலவசமாகப் போனால் கிளப் இழப்பது இதைத்தான். ‘எங்கள் பையன்’ என்ற பாசமும் கணக்கரின் வயிற்றெரிச்சலும் ஒரே ஆள்மீது வந்து சேர்வது அதனால்.

பத்திரிகைச் சம்பளக் கணக்கைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: இங்கிலாந்தில் வாரக் கணக்கு, வரிக்கு முந்தியது. இத்தாலியில் ஆண்டுக் கணக்கு, வரி போகக் கைக்கு வருவது. ‘ஆண்டுக்கு 60 லட்சம் யூரோ’ என்று மிலானில் எழுதினால் கிளப்புக்கு ஆகும் செலவு ஏறத்தாழ இரட்டிப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘அங்கே இவ்வளவு, இங்கே இவ்வளவு’ என்று சண்டை போடுபவர்களில் பாதிப்பேர் இதைப் பார்ப்பதில்லை.

எழுத்து மூலம் விடுவிப்புக் கேட்பது பற்றியும் ஒரு வரி. இங்கிலாந்தில் அப்படிக் கடிதம் கொடுப்பவர், தவணையாக வரவேண்டிய கையெழுத்துப் பணத்தில் மிச்சத்தைப் பொதுவாக இழப்பார். அதனால் போக விரும்புபவர் கடிதம் தருவதைத் தள்ளிப்போட்டு, கிளப்பே தன்னை விற்கும்படி நிலைமையை உண்டாக்கப் பார்ப்பார்: பயிற்சிக்கு வராமை, முதுகுவலி, ஏஜென்ட் பேட்டி. கடிதம் கொடுத்திருந்தால் வந்திருக்கக்கூடிய கோபத்தைவிட இந்த நாடகத்துக்கு வரும் கோபம் அதிகம்.

கோல்கீப்பர்மீது பெய்த டாலர்

இந்தக் கடிகாரம் எப்படி ஓடும் என்பதற்கு ஜான்லூயிஜி டொன்னரும்மாவைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. 2015 அக்டோபரில் 16 வயதில் ஏசி மிலான் கோல்கீப்பராக இறங்கியவர். 2017 ஜூனில் ஒப்பந்தம் முடிய ஓராண்டு இருக்கும்போது, புதுப்பிக்கப்போவதில்லை என்று ஏஜென்ட் மினோ ராயோலா வழியாகத் தெரிவித்தார். செய்தியைச் செய்தியாளர் கூட்டம் போட்டு அறிவித்தது கிளப். அதாவது முதலில் பேசியது மிலான் நிர்வாகம். பையன் அப்போது இத்தாலியின் 21 வயதுக்குட்பட்டோர் அணியோடு போலந்தில் இருந்தான். சில நாள் கழித்து கிராகூவ் நகரில் டென்மார்க்குக்கு எதிரான ஆட்டத்தில், அவன் நின்ற கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து போலி டாலர் நோட்டுகள் பறந்துவந்தன. பேனரில் ‘டாலரும்மா’. பதினெட்டு வயது, நாட்டுக்காக ஆடிக்கொண்டிருக்கும்போது தன் நாட்டு ரசிகர்களே எறிகிறார்கள். (அந்தக் கோடையில் பள்ளியிறுதித் தேர்வை எழுதாமல் விடுமுறைக்குப் போனதற்காகவும் திட்டு வாங்கினார் என்பது தனிக்கதை.)

ஒரு மாதத்துக்குள் மனம் மாறி, 2021வரை கையெழுத்திட்டார். ஆண்டுக்கு 60 லட்சம் யூரோ என்று செய்தி. அண்ணன் அந்தோனியோவும் கோல்கீப்பர். அவரையும் மிலான் எடுத்துக்கொண்டது. இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. டிசம்பரில், மன அழுத்தம் கொடுத்துத்தான் அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்று அவர் தரப்பு சொல்வதாகப் பத்திரிகைகளில் வந்தது. அடுத்து மிலானின் மைதானமான சான் சீரோவில் வெரோனாவுக்கு எதிரான கோப்பை ஆட்டம். தெற்குக் கேலரியில் பெரிய பேனர்: ஆண்டுக்கு 60 லட்சமும் அண்ணனுக்கு வேலையும் கொடுத்தது மன அழுத்தமா, போய்விடு, பொறுமை போய்விட்டது என்ற பொருளில். பயிற்சி நேரத்தில் அவர் அழுததைக் கேமராக்கள் காட்டின.

இத்தாலியில் இப்படியான பேனர் ஏதோ ஒரு ரசிகரின் ஆவேசத்தில் வருவதில்லை. வாசகத்தைக் கேலரியை நடத்தும் குழு தீர்மானிக்கும். நீளத் துணியில் எழுத்து வரைந்து, உள்ளே கொண்டுவர ஏற்பாடு செய்து, எந்த நிமிடத்தில் விரிப்பது என்றுவரை பேசிவைத்திருப்பார்கள். அதனால்தான் அது தனிமனிதர் வசவாக அல்லாமல் தீர்ப்புப்போலத் தொனிக்கிறது. இங்கிலாந்தில் அந்த அளவு அமைப்பு கிடையாது. கூச்சலும் பாட்டும் அங்கங்கே கிளம்பிப் பரவும், அவ்வளவுதான்.

2021இல் நாடகத்தின் இரண்டாம் பாகம். இந்த முறை ஒப்பந்தம் முழுவதும் ஓடித் தீர்ந்தது. பேச்சு முறிந்ததும் மிலான் காத்திருக்கவில்லை; மே மாதக் கடைசியிலேயே லீல் கிளப்பிடமிருந்து மைக் மேன்யானை வாங்கி அறிவித்துவிட்டது. டொன்னரும்மா யூரோ கோப்பையை வென்றார், தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார், பாரிஸ் சான் ஜெர்மேனுக்கு இலவசமாகப் போனார். அக்டோபர் 6ஆம் தேதி, ஐரோப்பிய நாடுகள் மோதும் நேஷன்ஸ் லீக் அரையிறுதிக்காக இத்தாலிச் சட்டையில் சான் சீரோவுக்குத் திரும்பினார். மூன்று மாதத்துக்கு முன் நாட்டுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் பெயரை ஒலிபெருக்கி சொன்னதும் விசில். பந்தைத் தொட்டால் விசில். ஸ்பெயினிடம் இத்தாலி 2–1 எனத் தோற்றது. அந்த சீசன் முடிவில் மிலான், மேன்யானோடு, 11 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம் வென்றது. பட்டம் வென்ற பிறகும் விசில் ஓயவில்லை. நல்ல மாற்று கிடைத்தால் ரசிகர் மறந்துவிடுவார் என்று நிர்வாகங்கள் நம்புவதுண்டு. கிளப்பின் காயம் அதனால் ஆறும், போனவர்மீதுள்ள கோபம் அதோடு சேர்ந்து ஆற வேண்டும் என்று கட்டாயமில்லை.

எதிரி வீடும் வெறுங்கையும்

கிளப்புக்குச் சல்லிக்காசுகூடக் கிடைக்காமல் எதிரி வீட்டுக்கே போவதுதான் மிக மோசம். 2001 ஜூலையில் டாட்டனம் கேப்டன் சோல் கேம்பல் செய்தது அது. ஒப்பந்தம் முடிந்தது, கிளப்புக்கு ஒன்றும் இல்லை, போனது வடக்கு லண்டனின் மறுபாதியான ஆர்சனலுக்கு. அன்று ஆர்சனலின் பயிற்சி மைதானத்துக்கு வந்த நிருபர்கள் கோல்கீப்பர் ரிச்சர்ட் ரைட்டை எதிர்பார்த்து வந்தவர்கள்; கதவு திறந்து கேம்பல் நடந்துவந்தார். நவம்பரில் டாட்டனம் மைதானமான வைட் ஹார்ட் லேனுக்குப் போனபோது ‘யூதாஸ்’ என்று எழுதிய வெள்ளை பலூன்கள் காத்திருந்தன. டாட்டனமும் தன் வழக்கத்தை மீறிப் பெரிய சம்பளம் தர முன்வந்திருந்தது என்பதால், அவர் பணத்துக்காகவே போனாரா, பட்டங்களுக்காகப் போனாரா என்பது விவாதத்துக்குரியதே. கேலரி அந்த விவாதத்தில் இறங்கவில்லை.

பார்சலோனாவைவிட்டு அதன் பரம எதிரியான ரியல் மாட்ரிட்டுக்குப் போன லூயிஸ் ஃபிகோ விஷயம் பணத்தில் இதற்கு நேர்மாறு. பார்சலோனாவுக்குப் பணம் கொட்டியது. ஸ்பெயினில் 1985ஆம் ஆண்டு அரசாணைப்படி, இழப்பீடு கொடுத்தால் ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். ஆகவே எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு தொகை எழுதப்படும். அந்தத் தொகையைச் செலுத்திவிட்டால் கிளப் சம்மதம் தேவையில்லை. ஃபிகோவுக்கு எழுதியிருந்தது 1,000 கோடி பெசெட்டா, அதாவது சுமார் 6 கோடி யூரோ. அன்றைய உலகச் சாதனை விலை. தன் மதிப்புக்கு ஏற்ற ஒப்பந்தம் கிடைக்கவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. ரியல் மாட்ரிட் தலைவர் தேர்தலில் நின்ற ஃப்ளோரெந்தினோ பெரெஸ், ஃபிகோவைக் கொண்டுவராவிட்டால் உறுப்பினர்களின் சந்தாவைத் தானே கட்டுவதாக வாக்களித்திருந்தார். ஜெயித்தார், கொண்டுவந்தார். உலகச் சாதனைப் பணமும் பார்சலோனா ரசிகரைச் சமாதானப்படுத்தவில்லை. போன இடம் அப்படி. 2002 நவம்பர் 23 அன்று பார்சலோனா மைதானத்தில் அவர் கார்னர் உதைக்கப் போனபோது பாட்டில், கைபேசி, கடைசியில் ஒரு பன்றித் தலை வந்து விழுந்தன. நடுவர் ஆட்டத்தைக் கால் மணி நேரம் நிறுத்தினார்.

எதிரி வீடு இல்லை, கிளப்புக்கும் பணம் வந்தது என்றால்? ஃபிலிப்பே கூட்டின்யோ 2017 கோடையில் லிவர்பூலிடம் விடுவிப்புக் கேட்டு, 2018 ஜனவரியில் ஏறத்தாழ 14.2 கோடி பவுண்டுக்கு பார்சலோனா போனார். அதே ஜனவரியில் 7.5 கோடிக்கு வேர்ஜில் வான் டைக்கும், கோடையில் சுமார் 6.5 கோடிக்கு அலிசனும் வந்தார்கள். அடுத்த ஆண்டு, ஐரோப்பியக் கிளப்புகளின் உச்சக் கோப்பையான சாம்பியன்ஸ் லீக் கோப்பை. இன்று லிவர்பூல் ரசிகர்கள் கூட்டின்யோ பெயரைச் சொன்னால் பாதிப்பேர் நன்றிதான் சொல்வார்கள்.

அதே லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் 2025 மே 11ஆம் தேதி நடந்ததைப் பக்கத்தில் வையுங்கள். லீக் பட்டம் இரண்டு வாரத்துக்கு முன்பே கைக்கு வந்துவிட்டது, கொண்டாட்ட மனநிலை. ஆறு வயதிலிருந்து கிளப்பில் வளர்ந்த ட்ரென்ட் அலெக்ஸாண்டர்-ஆர்னல்ட் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். ஒப்பந்தம் முடித்துக்கொண்டு போவதாக ஆறு நாளுக்கு முன் அறிவித்திருந்தார். சொந்த மைதானத்தில், சொந்தச் சட்டையில், பந்து காலில் பட்டபோதெல்லாம் கூச்சல். எங்கும் சம்பளப் பேச்சே இல்லை. ஒப்பந்தம் அதே ஜூனில் முடியவிருந்த முகம்மது சாலாவும் வான் டைக்கும் ஏப்ரலில் புதுப்பித்துவிட்டார்கள். ஊர்ப்பையன் மட்டும் கைவிரித்தான். சில வாரம் முன்கூட்டியே விடுவிக்க ரியல் மாட்ரிட் கொடுத்ததாகச் சொல்லப்படும் சுமார் ஒரு கோடி யூரோவைத் தவிர லிவர்பூலுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. காசு கேட்காமலே ஒருவர் காசுக்குப் போனவரைப்போல நடத்தப்படலாம் என்பதற்கு இது சாட்சி.

இன்னொரு வகை 2025 ஆகஸ்டில் நியூகாஸிலில். அலெக்ஸாண்டர் இசாக் அணியோடு சேர மறுத்தார்; வாக்குறுதிகள் மீறப்பட்டுவிட்டன என்று அறிக்கை விட்டார். லிவர்பூல் 12.5 கோடி பவுண்டு, பிரிட்டனின் சாதனை விலை, கொடுத்து வாங்கியது. பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஆட மறுத்தவரை எந்த விலையும் காப்பாற்றாது. வாக்குறுதியில் அவர் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். டிக்கெட்டுக்குக் காசு கட்டியவருக்கு அது முக்கியமல்ல. ஆட்டநாளில் ஆள் இல்லை என்பதே முக்கியம்.

கூச்சல் எதுவரை

கூச்சல், விசில், போலி நோட்டு, சட்டை எரிப்பு, பழைய பாட்டைத் திருப்பிப் போட்டுக் கிண்டல்: இவையெல்லாம் கால்பந்தின் வழக்கமான மொழி. ஆட்டக்காரர்களும் அதற்குத் தயாராகவே வருகிறார்கள். எல்லை தாண்டுவதும் அடிக்கடி நடக்கிறது. பன்றித் தலைக்காக பார்சலோனா மைதானத்தை இரண்டு ஆட்டங்களுக்கு மூட உத்தரவானது. மேல்முறையீட்டில் இழுத்தடித்து அந்தத் தண்டனை நடைமுறைக்கு வரவேயில்லை. இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டுக் கால்பந்துக் குற்றங்கள் சட்டப்படி ஆபாசமாகவோ இனவெறியோடோ கோஷமிடுவது குற்றம். 2008இல் போர்ட்ஸ்மத் ஆட்டக்காரராக இருந்த கேம்பலை நோக்கிக் கேவலமாகக் கோஷமிட்ட டாட்டனம் ரசிகர்கள் சிலர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு, மைதானங்களுக்குள் நுழையத் தடையும் வாங்கினார்கள். கிளப் மாறி ஏழு ஆண்டு ஆகியிருந்தது அப்போது.

மைதானத்துக்கு வெளியே வரும்போதுதான் உண்மையான ஆபத்து. 2010 அக்டோபரில் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர் வேன் ரூனி, கிளப்பின் லட்சியத்தில் நம்பிக்கை இல்லை என்று அறிக்கை விட்டபோது, முகத்தை மறைத்த ஒரு கூட்டம் இரவில் அவர் வீட்டு வாசலுக்கே போனது, காவலர்கள் வரவேண்டியிருந்தது. மறுநாள் அவர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

ரூனிக்கு மன்னிப்பு சீக்கிரம் கிடைத்தது. 2011 பிப்ரவரியில் ஊர் எதிரியான மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக அந்தரத்தில் திரும்பி அடித்த கோலோடு பெரும்பாலோர் சமாதானமானார்கள். 2017இல் கிளப்பின் அதிக கோல் சாதனையும் அவருடையதானது. அவர் கடைசியில் போகவில்லை என்பதுதான் வித்தியாசம். போய்த் திரும்பியவருக்கு இன்னும் கஷ்டம். 2013இல், ஜெர்மனியின் டார்ட்முண்ட் கிளப்பின் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்கு முந்தின நாள் செய்தி கசிய, 3.7 கோடி யூரோ விடுவிப்புத் தொகையில் அங்கிருந்து போட்டிக் கிளப்பான பயர்ன் மியூனிக்குக்குப் போன மாரியோ கெட்ஸே அந்த நவம்பரில் பழைய மைதானத்தில் கோல் போட்டார், கொண்டாடவில்லை. கொண்டாடாமல் விட்டது சின்னச் செயல்தான், ஆனால் ரசிகர்கள் கணக்கில் வைப்பார்கள். 2016இல் அவரால் டார்ட்முண்டுக்கே திரும்ப முடிந்தது.

ஆஷ்லிக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. ஐயாயிரம் என்ற எண்ணை அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். சம்பளப் பேரத்தில் தொகையை வெளியிடுவது எப்போதும் எதிராளியின் ஆயுதம். கிளப் ‘எங்கள் வரலாற்றிலேயே பெரிய சம்பளம் தர முன்வந்தோம்’ என்று நிருபர்களிடம் கசியவிடும், ஏஜென்ட் ‘மரியாதை கிடைக்கவில்லை’ என்பார். மரியாதை என்ற சொல்லைக் கேலரி நம்பாது, எண்ணை நம்பும். தன் தரப்பிலிருந்தே எண்ணைச் சொன்னவருக்குப் பதில் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

டொன்னரும்மாவின் மூன்றாம் பாகத்தையும் பார்த்துவிடலாம். 2025 மே மாதம் பாரிஸுக்கு முதல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். ஒப்பந்தத்தில் ஓராண்டு பாக்கி. மறுபடி சம்பளப் பேச்சு, மறுபடி முறிவு. மிலானில் நடந்த அதே காட்சி. ஆனால் இந்த முறை கிளப் முதலில் நகர்ந்தது. லீல் கிளப்பிடமிருந்து லூக்கா ஷெவாலியேவை வாங்கியது. பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே, இந்த முடிவுக்குத் தானே முழுப் பொறுப்பு, தனக்கு வேறு மாதிரியான கோல்கீப்பர் வேண்டும் என்றார். ஆகஸ்ட் மாத ஐரோப்பிய சூப்பர் கோப்பைக்கு டொன்னரும்மாவை அணியிலேயே சேர்க்கவில்லை. தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று அவர் ரசிகர்களுக்கு எழுதினார். செப்டம்பர் தொடக்கத்தில் மான்செஸ்டர் சிட்டி போவதற்குமுன் பார்க் தெ பிரான்ஸ் மைதானத்தில் விடைபெற வந்தபோது யாரும் நோட்டு எறியவில்லை. கைதட்டினார்கள்.